கரண்ட் வைத்தால் நரம்பு வளருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிசியோதெரபி மாணவர்களுக்கு உடலியங்கியல் பாடம் எடுக்கிறேன். வகுப்பில் எழும் சந்தேகங்களும், கையில் நரம்பு அறுபட்டவர்களின் வீட்டார் கேட்பவையும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே உள்ளன. முன்பே பதில் சொன்ன விஷயம் மறுபடி வந்தால் கேள்வி எண்ணை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

1. நரம்புல ஏற்கெனவே கரண்ட் ஓடுதுதானே மேடம்? அப்புறம் வெளியில இருந்து எதுக்கு?

ஓடுகிறது, ஆனால் கம்பியில் ஓடுகிற மாதிரி இல்லை. ஓய்வில் இருக்கும் நரம்பு செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் எதிர்மறையாக இருக்கும். தூண்டப்பட்டதும் சோடியம் அயனிகள் உள்ளே பாய்ந்து அந்த நிலை ஒரு கணம் தலைகீழாகிறது. அந்த மாற்றம் இழை நெடுக அடுத்தடுத்த இடங்களுக்குப் பரவுவதுதான் நரம்புத் துடிப்பு. செத்த தவளையின் கால் மின்சாரம் பட்டுத் துள்ளுவதைப் பற்றி இத்தாலியின் கால்வானி 1791இல் எழுதினார். அங்கிருந்துதான் இந்தத் துறையே தொடங்குகிறது.

வெளியிலிருந்து கொடுக்கும் சின்ன மின் துடிப்பு, செல்லின் சொந்தத் துடிப்பைத் தொடங்கி வைக்கிறது. அதற்குப் பிறகு ஓடுவதெல்லாம் செல்லின் வேலை. மின்சாரம் நரம்புக்கு ஊட்டும் சத்து அல்ல, அது ஒரு செய்தி. எந்த செல்லுக்கு, எப்போது, எவ்வளவு நேரம் அந்தச் செய்தி போகிறது என்பதைப் பொறுத்தே விளைவு அமைகிறது. கீழே உள்ள பதில்களில் பாதி இதன் விரிவுதான்.

2. நரம்பு வளருதுன்னா, செல்லு எண்ணிக்கையில பெருகுதா?

பெரும்பாலும் இல்லை. முதிர்ந்த நரம்பு செல் இரண்டாகப் பிரியாது. வளர்வது அதன் இழை, அதாவது ஆக்சான். கையை அசைக்கும் நரம்பு செல்லின் உடல் கழுத்துப் பகுதித் தண்டுவடத்துக்குள் இருக்கிறது. அதன் ஆக்சான் விரல் தசைவரை இறங்கி வருகிறது. வளரும் ஆக்சானின் நுனியில் கை விரித்தது போன்ற ஒரு பகுதி உண்டு, அதை வளர்முனை என்கிறோம். சுற்றியுள்ள வேதிப்பொருள்களையும் பரப்பையும் தொட்டு உணர்ந்து வழி தேடுவது அதுதான். 1907இல் ராஸ் ஹாரிசன் தவளைக் கருவின் நரம்புத் திசுவை ஒரு துளி நிணநீரில் தொங்கவிட்டு, உயிருள்ள நரம்பிழை நீள்வதைக் கண்ணால் பார்த்துக் காட்டினார்.

3. அறுந்த நரம்பு தானாவே வளராதா?

கை, கால், முகத்து நரம்புகள் வளரும். வெட்டுக்குக் கீழே உள்ள பகுதி சிதைந்துபோகும் (1850இல் அகஸ்டஸ் வாலர் இதை விளக்கினார்). ஆனால் அந்த இடத்தில் நரம்பிழையைச் சுற்றி இருக்கும் ஷ்வான் செல்கள் என்ற துணைச் செல்கள் உயிரோடு இருந்து, குப்பையை அகற்றி, வரிசையாக நின்று புது இழைக்குப் பாதை அமைக்கின்றன. மேலிருந்து வரும் ஆக்சான் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் என்ற கணக்கில் கீழே வளர்கிறது.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் பிரச்சினை புரியும். மணிக்கட்டில் அறுந்தால் கைக்குள் போய்ச்சேரச் சில மாதம். முழங்கையில் அறுந்தால் 30 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு வருடம். இருசக்கர வாகன விபத்தில் கழுத்து, தோள்பட்டைப் பகுதியின் நரம்புப் பின்னல் அடிபட்டால், விரல்வரை வர இரண்டு வருடத்துக்கும் மேல் ஆகும். ஆனால் தசை அவ்வளவு காலம் காத்திருக்காது. ஒன்று, ஒன்றரை வருடம் நரம்பில்லாமல் கிடந்தால் நரம்பை ஏற்கும் திறனை அது பெருமளவு இழக்கிறது. ஷ்வான் செல்களும் மாதங்கள் போகப் போகச் சோர்ந்துவிடும். அதனால்தான் ஒரு சில வாரம் மிச்சமானாலும் அது பெரிய விஷயம்.

4. கரண்ட் வெச்சா நரம்பு அந்தப் பக்கமா இழுத்துக்கிட்டு வளருமாமே?

கண்ணாடித் தட்டில் வளர்க்கும் செல்களில் இது உண்மையாகவே நடக்கிறது. 1979இலும் 1981இலும் வெளிவந்த ஆய்வுகளில், தவளைக் கருவின் நரம்பு செல்களை நிலையான நேர்மின்னோட்டப் புலத்தில் வைத்தபோது, இழைகள் எதிர்மின்முனையை நோக்கி வேகமாக வளர்ந்தன, அந்தப் பக்கமாகத் திரும்பவும் செய்தன. மில்லிமீட்டருக்கு 7 மில்லிவோல்ட் போதும், திருப்பம் தெரிய ஆரம்பிக்கும். செல்லின் உறையில் இருக்கும் ஏற்பிகள் ஒரு பக்கமாக நகர்ந்து குவிவதும், அந்தப் பக்கத்தில் கால்சியம் கூடுவதும் இதன் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

இது ஆய்வகத்தின் விந்தை மட்டும் அல்ல. கண்ணின் கருவிழியில் காயம் பட்டால், தோல் அடுக்கு கிழிந்த இடத்தில் உடலே ஒரு மின்புலத்தை உருவாக்குகிறது. ஸ்காட்லாந்தின் அபர்தீன் குழு 2004இல் எலிகளின் கருவிழியில் அந்தப் புலத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தது. புலம் கூடினால் நரம்புத் துளிர்ப்பும் கூடியது, குறைந்தால் குறைந்தது.

ஆனால் எல்லா உயிரினத்திலும் இது ஒரே மாதிரி இல்லை. ஜீப்ரா மீனின் நரம்பு செல்கள் இத்தகைய புலத்தைக் கண்டுகொள்வதே இல்லை. செல் எந்தப் பரப்பின்மேல் வளர்கிறது என்பதைப் பொறுத்துத் திசைகூட மாறும். ஆகவே "மின்முனையை இங்கே ஒட்டினால் நரம்பு இங்கே வரும்" என்று மனித உடலில் எதிர்பார்க்க முடியாது.

5. ஒரே ஒரு மணி நேரம் கரண்ட் கொடுத்தா போதும்னு படிச்சேன். நம்பற மாதிரி இல்லையே?

எனக்கும் இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். கனடாவில் டெசா கார்டனின் குழு எலியின் தொடை நரம்பை வெட்டித் தைத்தது. தைத்த உடனே, வெட்டுக்கு மேல் பக்கமாக விநாடிக்கு 20 தடவை, அதாவது 20 ஹெர்ட்ஸில், சின்னச் சின்னத் துடிப்புகள் கொடுத்தார்கள். சாதாரணமாக அந்த இயக்க நரம்பு செல்கள் எல்லாம் 25 மில்லிமீட்டர் தாண்டி வளர 8 முதல் 10 வாரம் பிடிக்கும். தூண்டிய எலிகளில் 3 வாரத்தில் முடிந்துவிட்டது. அதைவிட ஆச்சரியம், தசைக்குப் போக வேண்டிய இழைகள் தோலுக்குப் போகும் கிளையில் தவறிப்போகாமல் சரியான கிளையில் போய்ச்சேர்வதும் கூடியது. இந்த முடிவு 2000இல் வெளியானது.

முதலில் அவர்கள் நாள்கணக்கில், வாரக்கணக்கில்தான் தூண்டினார்கள். பிறகு நேரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். இரண்டு வாரம் கொடுத்ததும் ஒரு மணி நேரம் கொடுத்ததும் ஒரே பலனைத் தந்தன. அறுவை சிகிச்சை மேசையிலோ, முடிந்த கையோடு ஓய்வறையிலோ செய்து முடித்துவிடலாம் என்ற நம்பிக்கை இங்கேதான் பிறந்தது.

இன்னொரு சோதனையும் அதே ஆய்வில் உண்டு. தூண்டும் இடத்துக்கும் செல் உடலுக்கும் நடுவில், துடிப்பைத் தடுக்கும் டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சை வைத்தார்கள். பலன் காணாமல் போனது. அப்படியென்றால் மின்சாரம் வெட்டுப்பட்ட இடத்தில் நேரடியாக எதையும் சரிசெய்யவில்லை. துடிப்பு பின்னோக்கிப் போய்த் தண்டுவடத்தில் உள்ள செல் உடலை எட்ட வேண்டும். வேலை அங்கேதான் நடக்கிறது.

6. அந்த ஒரு மணி நேரத்துல உள்ளே என்னதான் நடக்குது?

துடிப்பு செல் உடலை அடைந்ததும் கால்சியம் உள்ளே வருகிறது. சுழல் ஏஎம்பி என்ற தூது மூலக்கூறு கூடுகிறது. அது மரபணுக்களை இயக்கும் புரதங்களைத் தட்டி எழுப்புகிறது. அடுத்த ஓரிரு நாள்களில் பிடிஎன்எஃப் என்ற நரம்பு வளர்ச்சிக் காரணியும், அதை ஏற்கும் டிஆர்கே-பி என்ற ஏற்பியும் அதிகமாகத் தயாராகின்றன. அப்புறம் இழை கட்டுவதற்கான டியூபுலின், வளர்முனைக்கு வேண்டிய ஜிஏபி-43 போன்ற புரதங்கள் கூடுகின்றன. பழைய இழையின் தடிமனைத் தாங்கும் புரதங்களின் உற்பத்தி குறைகிறது. செய்தி அனுப்பும் வேலையில் இருந்த செல், கட்டுமான வேலைக்கு மாறுகிறது.

வெட்டுப்பட்ட செல்லில் மின்சாரம் இல்லாமலும் இந்த மாற்றம் நடக்கத்தான் செய்யும். தூண்டினால் சீக்கிரமாகவும் பலமாகவும் நடக்கிறது. சுழல் ஏஎம்பி சிதையாமல் காக்கும் ரோலிப்ராம் என்ற மருந்தை எலிக்குக் கொடுத்தாலும் ஏறக்குறைய இதே பலன் கிடைக்கிறது. இந்த விளக்கத்துக்கு அது நல்ல ஆதாரம்.

7. அப்ப ஒரு நாளைக்கு 1 மில்லிமீட்டர்ங்கிறது 3 மில்லிமீட்டர் ஆயிடுமா?

ஆகாது. இங்கே நிறையப் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 2002இல் அமெரிக்காவில் தாமஸ் பிரஷார்ட்டின் குழு இதைத் தனியாகச் சோதித்தது. வளரும் வேகம் மாறவில்லை. மாறியது, தையலைத் தாண்டிப் புறப்படும் இழைகளின் எண்ணிக்கை.

தைத்த இடத்தில் ஆக்சான்கள் எல்லாம் ஒரே நாளில் கிளம்புவதில்லை. சில முதல் வாரத்திலேயே தாண்டும். பல வாரக்கணக்கில் அங்கேயே சுற்றித் திரியும். ஒரு மணி நேரத் தூண்டல் அந்தத் தயக்கத்தைக் குறைக்கிறது, கூட்டமாகச் சேர்ந்து கிளம்ப வைக்கிறது. கேள்வி 5இல் சொன்ன 3 வாரக் கணக்கு அப்படி வந்ததுதான். ஆகவே தூரம் அதிகம் உள்ள காயத்தில் மின் தூண்டல் செய்தாலும், அந்த ஒரு வருடம் அரை வருடமாகச் சுருங்கிவிடாது.

8. மனுஷங்களுக்குச் செஞ்சு பாத்திருக்காங்களா, இல்ல எலியோட நின்னுடுச்சா?

செய்திருக்கிறார்கள். கனடாவின் எட்மன்டன் நகரில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனைகள் முக்கியமானவை. மணிக்கட்டுச் சுரங்கத்தில் நரம்பு நசுங்கும் கார்பல் டனல் நோய் முற்றிக் கட்டைவிரல் தசை மெலிந்த 21 பேரை வைத்து முதல் சோதனை நடந்தது. எல்லோருக்கும் நரம்பை விடுவிக்கும் அறுவை சிகிச்சை. ஒரு பாதிப் பேருக்கு மட்டும் அதற்குப் பிறகு 20 ஹெர்ட்ஸில் ஒரு மணி நேரம் தூண்டல். அவர்களுடைய கட்டைவிரல் தசையில் நரம்புத் தொடர்பு 6 முதல் 8 மாதத்தில் முழுமையாகத் திரும்பியது. தூண்டல் இல்லாதவர்களிடம் ஒரு வருடத்திலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. இது 2010இல் வெளிவந்தது.

2015இல் விரல் நரம்பு முழுதாக அறுந்து தைக்கப்பட்ட 36 பேரிடம் இதையே செய்தார்கள். உணர்ச்சி திரும்புவதில் தெளிவான வித்தியாசம் தெரிந்தது. 2020இல் முழங்கையில் நரம்பு நசுங்கிய நோயாளிகளிடமும் நல்ல முடிவு வந்தது.

இவை எல்லாம் சிறிய சோதனைகள், பெரும்பாலும் ஒரே ஊரில் நடந்தவை. நம்பிக்கை தருகின்றன என்று உறுதியாகச் சொல்வேன். உலகெங்கும் வழக்கமான சிகிச்சை ஆகிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

9. பிசியோதெரபியில என் பையன் கைக்கு தினமும் கரண்ட் வைக்கிறாங்களே, அதுவும் இதுதானா?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. இல்லை, அது வேறு. ஒரு மணி நேரத் தூண்டலில் மின்சாரம் உயிரோடு இருக்கும் நரம்பின் மேல்பகுதிக்குப் போகிறது. பிசியோதெரபி மேசையில் நரம்புத் தொடர்பு அறுந்த தசைக்கு வைப்பது பெரும்பாலும் விட்டுவிட்டு வரும் கால்வானிக் கரண்ட், மாணவர்கள் ஐ.ஜி. என்று சொல்வது. கீழே நரம்பு சிதைந்துவிட்டதால் அந்தத் துடிப்பு நேராகத் தசை நாரைத்தான் சுருங்க வைக்கிறது. நரம்பைத் தூண்ட ஒரு மில்லிவிநாடிக்கும் குறைவான துடிப்பு போதும். தசையை நேரடியாகச் சுருங்க வைக்க 100 மில்லிவிநாடி அளவுக்கு நீளமான துடிப்பு வேண்டும். வீட்டில் பயன்படுத்தும் டென்ஸ் கருவி மூன்றாவது வகை. அது வலி உணர்வைக் குறைப்பதற்காக இருக்கிறது, நரம்பை வளர்ப்பதற்காக அல்ல.

ஐ.ஜி. வைப்பதன் நோக்கம், நரம்பு வந்து சேரும்வரை தசை மெலிவதைக் கொஞ்சம் தாமதப்படுத்துவது. அதிலும் எவ்வளவு பலன் என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் பையனுக்கு மூட்டு இறுகாமல் பார்த்துக்கொள்வதும், உணர்ச்சியில்லாத விரலைச் சூட்டிலிருந்து காப்பதும் அதே அளவுக்கு முக்கியம். கரண்ட் வைக்கப் போகாத நாளில் குற்ற உணர்வு கொள்ள வேண்டாம். விரல் மூட்டுகளுக்கான பயிற்சியை விட்ட நாளைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன்.

10. முகம் ஒரு பக்கமா கோணிடுச்சு. கரண்ட் வெச்சா சீக்கிரம் சரியாகுமா?

காரணம் தெரியாமல் திடீரென்று வரும் முகவாதத்தில் பத்தில் ஏழு பேருக்குச் சிகிச்சை இல்லாமலே முழுதாகச் சரியாகிவிடும். கரண்ட் வைத்தவர்கள் தானாகக் குணமானாலும், கரண்டால்தான் சரியானது என்று தவறாக எடுத்துக்கொள்ள நிறைய இடம் உண்டு. கரண்ட் வைப்பது கூடுதல் பலன் தருகிறது என்பதற்கு வலுவான சான்று இல்லை. பலன் உறுதியாகத் தெரிந்தது, முதல் 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தரும் ஸ்டீராய்டு மாத்திரை. கரண்ட் வைக்கும் இடத்தைத் தேடி அந்த மூன்று நாளைத் தொலைத்துவிடாதீர்கள். கண் மூடாமல் இருந்தால் சொட்டு மருந்து போட்டு இரவில் கண்ணை மூடி ஒட்டிப் பாதுகாக்க வேண்டும். முகத்தோடு கையோ காலோ தளர்ந்தால், பேச்சு குழறினால், அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

11. ஒரு மணி நேரம் நல்லதுன்னா நாள் பூரா வெச்சா இன்னும் நல்லதுதானே?

தொடர்ந்து வைத்தால் கூடுதல் பலன் இல்லை என்பதே எலி ஆய்வுகளின் பொதுவான முடிவு. உணர்வு நரம்புகளைச் சோதித்த 2007ஆம் ஆண்டு ஆய்விலும் ஒரு மணி நேரம்தான் சிறப்பாக இருந்தது, நீட்டித்தது உதவவில்லை. அதற்கு மாறாக, 2018இல் அமெரிக்காவில் ஒரு குழு உடலிலேயே கரைந்துபோகும் கம்பியில்லாத் தூண்டியை எலியின் காலில் பொருத்தித் தினம் ஒரு மணி நேரமாக 1, 3, 6 நாள்கள் கொடுத்தது. நாள் கூடக் கூடத் தசை மீட்சியும் கூடியது. ஆக, ஒரே மூச்சில் நீட்டிப்பதும் இடைவெளி விட்டுத் திரும்பக் கொடுப்பதும் வெவ்வேறு விஷயங்கள்.

அளவுக்கு மீறிய துடிப்பு வளர்ச்சியை நிறுத்தியும் விடும். 1986இல் கோஹன், கேட்டர் இருவரும் நத்தையின் ஒரு நரம்பு செல்லைத் தூண்டியபோது வளர்முனை அப்படியே நின்றுபோனது, தூண்டலை நிறுத்தியதும் மறுபடி வளர்ந்தது. வளர்முனைக்குள் கால்சியம் ஒரு அளவுக்குள் இருக்கும்வரை வளர்ச்சி. அதற்குக் கீழே போனாலும் நிற்கும், மேலே போனாலும் நிற்கும். யோசித்துப் பார்த்தால் இது பொருத்தமாகவே இருக்கிறது. இலக்கை அடைந்து வேலை செய்யத் தொடங்கிய செல்லுக்கு, வளர்ந்தது போதும் என்ற செய்தியும் எங்கிருந்தாவது வர வேண்டுமே.

12. கருவுல இருக்கற குழந்தைக்கு யாரும் கரண்ட் கொடுக்கறதில்லையே. அங்க நரம்பு எப்படி வளருது?

அங்கே செல்கள் தாங்களாகவே துடிக்கின்றன. ஆக்சான் எந்தப் பகுதிக்குப் போக வேண்டும் என்பதைப் பெரும்பாலும் வேதிக் குறிகள் தீர்மானிக்கின்றன. போன இடத்தில் எந்தத் தொடர்பை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதை மின் துடிப்பு தீர்மானிக்கிறது. கண் திறப்பதற்கு முன்பே, வெளிச்சமே படாத விழித்திரையில் அலை அலையாகத் துடிப்பு பரவுவதை 1991இல் பூனை, ஃபெரெட் குட்டிகளிடம் பதிவு செய்தார்கள். அதற்கு முன்பே 1988இல் கார்லா ஷாட்ஸ், மைக்கேல் ஸ்ட்ரைக்கர் இருவரும் கருவில் இருந்த பூனைக்குட்டிகளின் மூளைக்கு, கேள்வி 5இல் பார்த்த அதே நஞ்சைச் செலுத்தித் துடிப்பை நிறுத்தினார்கள். இரண்டு கண்களிலிருந்தும் வரும் இழைகள் தனித்தனி அடுக்காகப் பிரியாமல் கலந்தே கிடந்தன.

வேதிக்குறியும் துடிப்பும் தனித்தனி உலகங்கள் அல்ல. 2001இல் மூ-மிங் பூவின் குழு, தட்டில் இருந்த தவளை நரம்பு செல்லைச் சிறிது நேரம் தூண்டிவிட்டு, வழக்கமாக அது விலகி ஓடும் ஒரு புரதத்தின் பக்கம் விட்டது. விலகாமல் அதை நோக்கித் திரும்பியது. ஆக்சானைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற கொழுப்பு உறையும் அப்படித்தான். அந்த உறையை உருவாக்கும் செல்கள், துடிப்பு ஓடும் ஆக்சானைக் கவனிக்கின்றன. 2014இல் எலி மூளையின் ஒரு பகுதியை ஒளியால் தூண்டியபோது அந்தப் பகுதியின் உறை தடித்தது.

13. காது கேக்காத குழந்தைக்கு காக்ளியர் இம்ப்ளான்ட் சீக்கிரமா வைக்கச் சொல்றாங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

நேரடிச் சம்பந்தம் உண்டு. மின் தூண்டல் வளரும் மூளையை எப்படி மாற்றுகிறது என்பதற்கு மனிதர்களிடம் இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. இம்ப்ளான்ட் ஒலியை மின் துடிப்பாக்கிச் செவி நரம்புக்கு நேராகக் கொடுக்கிறது. பிறவியிலேயே கேட்காத குழந்தையின் கேட்கும் பாதைக்கு முதல் உண்மையான செய்தி அப்போதுதான் போகிறது. அனு சர்மாவும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் காட்டியபடி, மூன்றரை வயதுக்குள் பொருத்தினால் மூளைப் புறணியின் பதில் சில மாதங்களிலேயே அந்த வயதுக்கு உரிய நிலைக்கு வருகிறது. ஏழு வயதுக்குப் பிறகு பொருத்தியவர்களில் பெரும்பாலோருக்கு அப்படி வருவதில்லை. தொடர்புகளைத் தேர்ந்தெடுக்கும் அந்தக் காலம் முடிந்துபோகிறது, கேட்கும் பகுதியை மற்றப் புலன்கள் எடுத்துக்கொள்ளத் தொடங்குகின்றன.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை உண்டு. சத்தத்துக்குத் திரும்பாத குழந்தையை "பேச்சு லேட்டா வரும்" என்று ஒரு வருடம் காத்திருக்க வைக்காதீர்கள். பிறந்த உடனே கேட்கும் திறன் பரிசோதனை செய்துவிடுவது நல்லது.

14. தண்டுவடம் அடிபட்டவங்க கரண்ட் வெச்சு நடந்தாங்கன்னு நியூஸ்ல வந்துச்சே. அங்க நரம்பு வளந்துடுச்சா?

பெரும்பாலும் இல்லை. மூளையிலும் தண்டுவடத்திலும் நிலைமை வேறு. கை நரம்பில் ஷ்வான் செல்கள் பாதை போடுகின்றன. தண்டுவடத்தில் சேதமான மயலினும் தழும்புத் திசுவும் வளர்ச்சியைத் தடுக்கின்றன. 1981இல் மான்ட்ரியாலில் ஆகுவாயோ குழு எலியின் மூளைத்தண்டுக்கும் தண்டுவடத்துக்கும் நடுவே கால் நரம்பின் துண்டை ஒட்டியது. வளராது என்று நினைத்த செல்கள் அந்தத் துண்டுக்குள் நீளமாக வளர்ந்தன. செல்லுக்குத் திறன் இருக்கிறது, சூழல்தான் அதற்கு வழி விடுவதில்லை.

2011இல் அமெரிக்காவின் லூயிவில்லிலும் 2018இல் சுவிட்சர்லாந்தின் லோசானிலும் செய்தது, தண்டுவட உறையின்மேல் மின்முனை வைத்து, காயத்துக்குக் கீழே சும்மா கிடந்த சுற்றுகளை எழுப்புவது. மூளையிலிருந்து மிச்சமிருந்த சில இழைகளின் மெல்லிய கட்டளையும் அப்போது பலிக்கிறது. சிலருக்குப் பல மாதப் பயிற்சிக்குப் பிறகு கரண்டை நிறுத்தினாலும் கொஞ்சம் அசைக்க முடிந்தது. அதில் புதிய துளிர்ப்புக்கும் பங்கு இருக்கலாம். 2007இல் எலியின் மூளை-தண்டுவடப் பாதையைத் தூண்டியபோது, அறுபடாத இழைகள் பக்கவாட்டில் துளிர்த்ததைப் பார்த்திருக்கிறார்கள்.

கேள்வி 4இல் சொன்ன திசைப் புலத்தையும் மனிதர்களிடம் முயன்றார்கள். இண்டியானாவில் 10 நோயாளிகளிடம், 15 நிமிடத்துக்கு ஒருமுறை முனைகளை மாற்றும் கருவியைப் பொருத்தி 2005இல் முடிவு வெளியிட்டார்கள். ஏறும் இழை, இறங்கும் இழை இரண்டுக்கும் உதவத்தான் அந்த மாற்றம். பாதுகாப்பாக இருந்தது, உணர்ச்சியில் ஓரளவு முன்னேற்றமும் தெரிந்தது. ஒப்பிட்டுப் பார்க்கத் தூண்டல் இல்லாத குழு அதில் இல்லை என்பதால் அதற்கு மேல் சொல்ல முடியாது.

15. மனநோய்க்குக் கொடுக்கற ஷாக் ட்ரீட்மென்ட் மூளை செல்லை அழிக்குமா, வளக்குமா?

அழிக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. கேள்வி 2இல் "பெரும்பாலும்" என்று சொன்னதற்கு விலக்கு இங்கே வருகிறது. எலி மூளையில் நினைவுக்கு உதவும் ஹிப்போகேம்பஸ் பகுதியில் வளர்ந்த பிறகும் புது நரம்பு செல்கள் பிறக்கின்றன. மின்வலிப்பு கொடுத்தால் அவை கூடுவதாக 2000இல் காட்டினார்கள். சிகிச்சை பெற்ற மனிதர்களின் ஸ்கேனில் அந்தப் பகுதி சற்றுப் பெரிதாவது தெரிகிறது. அது புது செல்லா, இழைகளின் துளிர்ப்பா என்பதை ஸ்கேன் சொல்லாது. தற்காலிக மறதி உண்மையான பக்கவிளைவு. கடுமையான மனச்சோர்வில் உயிர் காக்கும் சிகிச்சை என்பதும் உண்மை. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது.

16. வளர்ச்சியைத் தூண்டறதுன்னா கட்டி கிட்டி வந்துடாதா?

நியாயமான பயம். நரம்புத் துடிப்பு சில மூளைக் கட்டிகளின் வளர்ச்சியைத் தூண்டுகிறது என்று 2015இல் மிஷெல் மோன்ஜேயின் குழு எலிகளிடம் காட்டியது. துடிக்கும் செல் வெளிவிடும் ஒரு புரதத்தைக் கட்டி செல்கள் பயன்படுத்திக்கொள்கின்றன. அதாவது ஏற்கெனவே இருக்கும் கட்டிக்கு அது சாதகமாகலாம். இல்லாத கட்டியை மின்சாரம் உருவாக்குகிறது என்பது அதன் பொருள் அல்ல. கை நரம்புக்கு ஒரு மணி நேரம் கொடுத்த சோதனைகளில் அப்படி எதுவும் பதிவாகவில்லை. ஆனாலும் கட்டி இருக்கும் இடத்தின்மேல் கரண்ட் வைக்கக் கூடாது என்ற பழைய விதியைப் பிசியோதெரபி மாணவர்கள் மறக்கவே கூடாது.

17. ஆன்லைன்ல மெஷின் கிடைக்குது. 20 ஹெர்ட்ஸ் செட் பண்ணி வீட்டுலயே ஒரு மணி நேரம் வெச்சுக்கலாமா?

வேண்டாம். ஆய்வுகளில் மெல்லிய கம்பி நரம்பின் பக்கத்திலேயே வைக்கப்பட்டது, தைத்த உடனேயே கொடுக்கப்பட்டது. தோல்மேல் ஒட்டும் பட்டை அதே இழைகளை அதே அளவில் எழுப்பும் என்று சொல்ல முடியாது. மாதங்கள் கழித்து எண்ணை மட்டும் 20 என்று வைப்பதால் அந்தச் சிகிச்சை ஆகிவிடாது.

ஆபத்தும் உண்டு. உணர்ச்சியில்லாத தோலில் எரிச்சல் தெரியாது, தீக்காயம் ஆன பிறகுதான் தெரியும். நேர்மின்னோட்டம் மின்முனைக்கு அடியில் அமிலமும் காரமும் உண்டாக்கித் தோலை வேதியியல் ரீதியாகவே புண்ணாக்கும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள், வலிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. கழுத்தின் முன்பக்கம் யாருக்கும் வைக்கக் கூடாது, இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்கலாம்.

18. கரண்டே வேணாம், எக்சர்சைஸ் பண்ணா அதே பலன் வராதா?

ஓரளவு வருகிறது, எலிகளில். அட்லான்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் ஆர்தர் இங்லிஷ் குழு, நரம்பு வெட்டித் தைத்த எலிகளைத் தினம் டிரெட்மில்லில் மெதுவாக நடக்கவிட்டது. இரண்டு வாரத்தில் ஆக்சான்கள் கூடுதலாக வளர்ந்திருந்தன. நரம்பு செல்லிலேயே பிடிஎன்எஃப் உற்பத்தி இல்லாத எலிகளில் அந்தப் பலன் இல்லை. கேள்வி 6இல் சொன்ன அதே வாசல் வழியாகத்தான் இதுவும் நுழைகிறது. தையல் ஆறும் முன் எந்த மூட்டை எவ்வளவு அசைக்கலாம் என்பதை அறுவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். காயம் படாத கால்களால் நடப்பதற்குப் பெரும்பாலும் தடை இருக்காது. நடங்கள்.

19. அடுத்த வாரம் அண்ணனுக்கு நரம்பு தைக்கப் போறாங்க. டாக்டர்கிட்ட என்ன கேக்கறது?

எந்த நரம்பு, எந்த உயரத்தில் அறுந்திருக்கிறது, அங்கிருந்து தசைவரை எத்தனை சென்டிமீட்டர் என்று முதலில் கேளுங்கள். கேள்வி 3இல் உள்ள கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். கழுத்துப் பகுதிக் காயம் என்றால், வேர் தண்டுவடத்திலிருந்தே பிடுங்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். பிடுங்கப்பட்டிருந்தால் தைக்க முடியாது, கரண்டாலும் பலன் இல்லை. அருகிலுள்ள வேறு நரம்பை எடுத்துத் திருப்பிவிடும் அறுவை சிகிச்சை பற்றிப் பேச வேண்டும். அதற்குக் காலக்கெடு உண்டு, முதல் ஆறு மாதத்துக்குள் முடிவெடுப்பது நல்லது.

அறுவையின்போது ஒரு மணி நேரத் தூண்டல் அங்கே செய்கிறார்களா என்று தாராளமாகக் கேட்கலாம். இல்லை என்று சொன்னால் அதற்காக அறுவையைத் தள்ளிப்போட வேண்டாம். சுத்தமாக வெட்டுப்பட்ட நரம்பைச் சீக்கிரம், இழுவிசை இல்லாமல், நல்ல கை தைப்பதுதான் முதல் தேவை. அறுவைக்கு ஒரு வாரம் முன்பே தூண்டினால் வளரும் வேகமே கூடுகிறது என்று எட்மன்டனிலிருந்து எலி ஆய்வுகள் வந்திருக்கின்றன. இவை கேள்வி 7இல் சொன்ன எல்லையைத் தாண்டுகின்றன. நசுங்கிய நரம்பை விடுவிக்கத் தேதி குறித்துச் செய்யும் அறுவைகளுக்கு இது நாளை உதவக்கூடும். கத்தியோ கண்ணாடியோ வெட்டிய கைக்கு முன்னாலேயே தூண்ட வழியில்லை. உங்கள் அண்ணன் சிகரெட் பிடிப்பவர் என்றால் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். சர்க்கரை இருந்தால் அளவைப் பார்த்து மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள், ஊர் திரும்பிய பிறகு கைப்பயிற்சிக்கு எங்கே போவது என்பதையும் அங்கேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.